தண்ணீர் குடிக்கும் வண்டி

வெயில் ஏறுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பிச்சைமுத்து தன் அம்பாசடர் காரின் பானட் மேல் வழக்கம்போல் திருநீறு பூசக் கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டான். சுட்டது.

வெயிலில் கிடந்த தகரத்தின் சூடு அல்ல அது. உள்ளிருந்து வருகிற சூடு. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அரியலூர் ரயிலடியில் ஒரு வாத்தியார் குடும்பத்தை இறக்கிவிட்டு, வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தியதுதான். சாவி இரவு முழுக்க அவன் தலையணைக்கு அடியில் இருந்தது. பதினோரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்த வண்டி, மலை ஏறி இறங்கி வந்ததைப் போல வெந்துகொண்டிருந்தது. இரும்பு ஆறும்போது கேட்குமே, 'டிக்... டிக்...' என்ற அந்தச் சின்னச் சத்தம்கூட உள்ளேயிருந்து வந்தது.

ஈரத்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகினான். சீறிக்கொண்டு ஆவி வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நேற்றுத்தான் கழுத்துவரை ஊற்றியிருந்தான்.

வாளியில் அடித்து ஊற்றினான். ஒரு வாளிக்கு மேல் அந்த ரேடியேட்டர் கொள்ளாது. மூன்று வாளி உள்ளே போனது. நாலாவது வாளியில் பாதி போன பிறகுதான் வேண்டாவெறுப்பாக நிறைந்தது. அவன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். மண் காய்ந்து கிடந்தது. எறும்புகள் வரிசையாக, கால் நனையாமல் போய்க்கொண்டிருந்தன.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டின் கோடை. இரண்டு பருவம் மழை பொய்த்து, ஏரிகள் வெடித்து, கிணறுகளில் வாளி கல்லில் இடிக்கிற சத்தம் கேட்ட வருடம். மூன்றரை வாளித் தண்ணீர் எங்கே போயிற்று என்று யாராயிருந்தாலும் கேட்காமல் இருக்க முடியாது.

வண்டியை அரியமுத்துவின் பட்டறைக்கு ஓட்டிப் போனான். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை. அரியமுத்து பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே எழுந்து வந்தான்.

"என்ன மச்சான், காலங்காத்தால? வூட்டுல தொரத்திட்டாங்களா?"

"வண்டி மூணு வாளி தண்ணி குடிக்குதுடா."

"நீ ராத்திரி குடிச்சதுக்கு வண்டி மேல ஏன் பழியப் போடுற?"

"மாரியம்மன் படம் மாட்டின வண்டி. வாயக் கழுவிட்டு வந்து பாரு."

அரியமுத்து சிரித்துக்கொண்டே பானட்டைத் தூக்கினான். வேலை என்று வந்துவிட்டால் அவனுக்குச் சிரிப்பு நின்றுவிடும். பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், தொய்வு இல்லை. ரப்பர் குழாய்களைப் பிசைந்து பார்த்தான், விரிசல் இல்லை. ரேடியேட்டரின் முன்பக்கக் கண்களில் வைக்கோலோ பூச்சியோ அடைத்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தான். பிறகு உள்ளே விரலை விட்டுச் சுரண்டினான். வெள்ளையாக ஒரு பொருக்கு நகத்தில் வந்தது.

"நம்ம ஊர்த் தண்ணியில பாதி தண்ணி, பாதி சுண்ணாம்பு மச்சான். வருசம் முச்சூடும் இதையே ஊத்துனா வண்டிக்குள்ள சிமெண்ட் பேக்டரிதான் நடக்கும். ஆனா இது கொஞ்சம்தான். இதுக்கு மூணு வாளி குடிக்காது."

ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தான். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி இருக்கும். இது தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா, பின்னால் வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்த்தான். இரண்டும் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறும்போது கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"தண்ணி போறதுக்கு மூணு வழிதான். கீழ ஒழுகும். இல்ல, மேல ஆவியாப் போவும். இல்ல, கேஸ்கெட் போயி இன்ஜினுக்குள்ள எறங்கும். மூணும் இல்ல. வண்டிய வச்சிட்டுப் போ. நாளைக்கு முழுசாக் கழட்டிடறேன்."

அப்போதுதான் பெரியம்மாள் கொட்டகைக்குள் ஓடி வந்தாள். ரெட்டிபாளையத்துக்காரி. ஐம்பது வயதிருக்கும். சேலை முந்தானை தரையில் இழுபட்டது. அவளுடைய மகள் மலர்கொடியைப் பெரம்பலூரில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று மருமகன் சின்னதுரை வேலைக்குப் போயிருந்தான். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வரலாமென்று தாயும் மகளும் பஸ்ஸில் அரியலூர் வரை வந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே பெண்ணுக்கு வலி வந்துவிட்டது.

"இன்னைக்கு முகூர்த்த நாளு தம்பி, எல்லாக் காரும் கல்யாணத்துக்குப் போயிடுச்சு. ஊர்ல ஒரு காரு இல்ல. உன் வண்டி இங்க நிக்கிதுன்னு பூக்காரி சொன்னா. சிமிட்டி பெஞ்சுல புள்ளையப் படுக்க வச்சிட்டு வந்திருக்கேன். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதப்பா."

அரியமுத்து பிச்சைமுத்துவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று.

பிச்சைமுத்து பெரியம்மாளின் கால்களைப் பார்த்தான். செருப்பு இல்லை. தார் ரோட்டில் ஓடி வந்த கால்கள்.

"போலாம்க்கா" என்றான்.

புறப்படும்போது அரியமுத்து நனைத்த சாக்கை ரேடியேட்டர் முன்னால் கட்டினான். பானட்டின் விளிம்பில் ஒரு கட்டையைச் செருகி, காற்றுப் போக இடுக்கு விட்டான். பின்னால் டிக்கியில் இரண்டு டின் தண்ணீர் ஏற்றினான். ஜன்னல் பக்கம் வந்து குனிந்து சொன்னான்:

"சூடு காட்டுற முள்ளையே பாத்துக்கிட்டிருக்காத. முள்ளுக்கு முன்னாடி மூக்கு சொல்லும். பெயிண்ட் வேகுற நாத்தம் வந்தா நிறுத்து. மேட்டுல இழுவை கொறஞ்சா நிறுத்து. உள்ள கூழாங்கல்லு குலுக்குற மாதிரி கேட்டா சாமியக் கும்பிட்டுக்கிட்டு நிறுத்து. இன்னொண்ணு. மேல போன முள்ளு சட்டுனு கீழ விழுந்தா சந்தோசப்பட்டுடாத. தண்ணியே இல்லாத எடத்துல முள்ளுக்கு என்ன தெரியும்?"

மலர்கொடி பின் சீட்டில் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயது. வலி வரும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். போனதும், "பாவம் அண்ணே நீங்க, வெயில்ல" என்பாள். அப்படிப்பட்ட பெண்.

ஊர் எல்லை தாண்டியதும் மரங்கள் நின்றுபோயின. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப்போய் ரோட்டின் இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முட்கள் மாவு பூசினது போல வெளுத்திருந்தன. தூரத்தில் ரோடு தண்ணீர் மாதிரி பளபளத்தது. கிட்டே போகப் போக அந்தத் தண்ணீர் முன்னால் முன்னால் ஓடியது. காற்றில் சூடான தாரின் வாசனையும், பின் சீட்டிலிருந்து விளக்கெண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. பெரியம்மாள் ஒரு பித்தளைச் சொம்பில் சீரகத் தண்ணீரைத் துணி போட்டு மூடி விலாவுக்கும் கைக்கும் நடுவில் அணைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கென்று வைத்திருந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

"சிமிட்டி பெஞ்சுல பெத்துருந்தா புள்ளைக்கு பஸ் ஸ்டாண்டுன்னே பேரு வச்சிருக்கலாம்" என்றாள் பெரியம்மாள். மகள் வலிக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். பிச்சைமுத்துவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே முள்ளைப் பார்த்தான்.

ஆறு மைல்தான் போயிருப்பார்கள். முள் பாதியைத் தாண்டியிருந்தது.

பிறகு அந்த வாசனை வந்தது. முதலில் அது என்னவென்று தெரியவில்லை. அடுப்பில் காலிப் பாத்திரத்தை வைத்து மறந்துவிட்டால் வருமே, அப்படி ஒரு வறண்ட, தொண்டையைக் கீறுகிற வாசனை. கட்டியிருந்த சாக்கு காய்ந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு சின்ன மேடு. ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். வண்டி கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதைப் போல முனகிக்கொண்டு ஏறியது.

ஓரமாக நிறுத்தினான். காத்திருக்க நேரமில்லை, இருந்தாலும் சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும் என்று தெரிந்தவன், மனதுக்குள் சாமி பேரைச் சொல்லி நூறு எண்ணினான். துணியைச் சுற்றித் திருகினான். இப்போதும் ஆவி இல்லை. கறுப்பு ஓட்டைதான் இருந்தது.

முதல் டின்னைச் சாய்த்தான்.

தண்ணீர் குழாயில் விழுந்தால் ஒரு சத்தம் இருக்கும். ஓடுகிற சத்தம், நிறைகிற சத்தம். இது அப்படி இல்லை. 'மடக்' என்று கேட்டது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் 'மடக்'. ஒரு மடக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு வாங்குகிற அளவுக்கு இடைவெளி. அவன் டின்னை நிமிர்த்தினான். சத்தம் நின்றது. சாய்த்தான். மடக்.

"என்ன தம்பி அது?" என்றாள் பெரியம்மாள் உள்ளிருந்து. "புள்ள பால் குடிக்கிற மாதிரி கேக்குது?"

அவன் அடுத்த டின்னைக் கவிழ்த்தான். இரண்டு டின்னும் காலி. தண்ணீர் மேலே வந்து தெரியவில்லை. டின்னை வைக்க டிக்கியைத் திறந்தபோது, மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்த அலுமினியக் குடம் உருண்டு அவன் கையில் இடித்தது.

அந்தக் குடம் அவனுடையது அல்ல.

போன வருடம் சித்திரை. இதே ரோடு, இதே வெயில். ஒரு கல்யாணக் கோஷ்டியைப் பெரம்பலூருக்கு ஏற்றிக்கொண்டு போனபோது வண்டி சூடாகி நின்றுவிட்டது. மரம் இல்லை, கிணறு இல்லை. அப்போது முட்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்தாள். ரோட்டோரம் கல்லுடைக்கிறவர்கள் போட்ட ஒரு குடிசை, அவள் வீடு. மூன்று மைல் நடந்து கொண்டுவந்த தண்ணீர் என்று சொன்னாள். "புள்ளைக்கு வாந்தியும் பேதியுமா போவுதுங்க. தண்ணி தண்ணின்னு கெடக்கு" என்றும் சொன்னாள்.

அவன் கேட்டான். அவள் கொடுத்தாள். தண்ணீர் கேட்டு நிற்கிறவனுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத கை அது. கொஞ்சம் மீதி வையுங்க என்றுகூட அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் மொத்தக் குடத்தையும் ரேடியேட்டரில் கவிழ்த்தான். "அடுத்த ஊரு பேரளியில புடிச்சிக்கிட்டு அஞ்சு நிமிசத்துல வந்துடறேன்மா" என்று சொல்லி, குடத்தையும் வாங்கிக்கொண்டு போனான். பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் நிஜமாகவே திரும்பி வர நினைத்தான். வண்டியில் இருந்தவர்கள், முகூர்த்தம் தப்பிப்போகும், திரும்பும்போது கொடுத்துக்கொள் என்றார்கள். திரும்பும்போது இருட்டிவிட்டது. மறுநாள் வேறு சவாரி. ஒரு வாரம் கழித்துப் பேரளி டீக்கடையில், அந்தக் கல்லுடைக்கிற குடிசையில் குழந்தை செத்துப்போனதாகவும், அடுத்த நாளே தாயும் போய்விட்டதாகவும் பேசிக்கொண்டார்கள். வேறு ஏதோ குடிசையாக இருக்கும் என்று அவன் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டான். குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

பெரிய பாவம் எதையும் அவன் செய்ததில்லை. கோயிலுக்குப் போகிறவன், கிழவர்களிடம் வாடகை குறைத்து வாங்குகிறவன். மனுஷன் ஐந்து நிமிஷ வேலையில்தான் தவறிப்போகிறான். அந்த ஐந்து நிமிஷத்தில் எதிரே நிற்பவருக்கு உயிர் இருக்கிறது.

"தம்பி, வலி அடுத்தடுத்து வருதுப்பா!" பெரியம்மாளின் குரல் இப்போது வேறாக இருந்தது.

டிக்கியை அறைந்து மூடிவிட்டு ஓடிவந்து வண்டியை எடுத்தான். பெரம்பலூருக்கு இன்னும் பத்து மைல். பேரளி இரண்டு மைல். பேரளி போய்விட்டால் தண்ணீர் கிடைக்கும். அந்தக் குடிசை இருக்கிற இடத்தை மட்டும் தாண்டிவிட்டால் போதும்.

முள் சிவப்பைத் தொட்டது. வாசனை. மறுபடியும் மேடு. இழுவை இல்லை. பிறகு அந்தச் சத்தம். இன்ஜினுக்குள் கூழாங்கற்களைப் போட்டு யாரோ குலுக்கினார்கள். மெதுவாக. பிறகு வேகமாக.

வண்டி நின்றது.

எங்கே நின்றது என்று பார்க்க அவனுக்குத் துணிவில்லை. பார்த்தான். இடது பக்கம் ஒற்றையடிப் பாதை. கூரை சரிந்த குடிசை. வாசலில் கவிழ்ந்த அடுப்பு.

உச்சி வெயில். வண்டிக்கு நிழல் இல்லை. காற்று இல்லை. குருவி இல்லை. சாவியைத் திருப்பி அணைத்திருந்தான். ஆனால் முன்னாலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மடக். மடக். குடிக்க ஒன்றும் இல்லாத வெறும் தொண்டையின் சத்தம்.

"அண்ணே" என்றாள் மலர்கொடி.

"என்னம்மா?"

"தண்ணி கேக்குது."

"யாரு?"

"அந்தப் புள்ள. அவங்க அம்மா இடுப்புல இருக்கே. ஜன்னல் பக்கம்."

அவன் திரும்பினான். ஜன்னலுக்கு வெளியே ரோடு. வெள்ளைப் புழுதி. முட்காடு. வேறு ஒன்றும் இல்லை.

"பிதற்றுறா தம்பி" என்றாள் பெரியம்மாள். மகள் பக்கம் குனிந்தாள். "அங்க யாரும் இல்லடி."

"இருக்காங்கம்மா. நாக்கு வெளிய தொங்குது பாரு அதுக்கு. அந்தச் சொம்ப குடு."

"உனக்கே தொண்ட காஞ்சு கெடக்குடி! இது ஒண்ணுதான் இருக்கு!"

"எனக்கு அப்புறம் ஆவட்டும். சின்னப் புள்ளம்மா. வாங்கிக் குடுங்கண்ணே."

பெரியம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொம்பை நீட்டினாள். அந்த நேரத்தில் அந்தத் தாய் செய்ததைப் போன்ற ஒரு தானத்தைப் பிச்சைமுத்து எந்தக் கோயில் வாசலிலும் பார்த்ததில்லை.

சொம்பை வாங்கிக்கொண்டு இறங்கினான். ஜன்னலுக்கு எதிரே நின்றான். யாருக்கு ஊற்றுவது? வழிப்போக்கருக்கு ஊற்றுவதைப் போலத்தான் ஊற்ற வேண்டும். கைகளைக் குவித்து யாரோ குனிந்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்து, மெல்லச் சாய்த்தான்.

தண்ணீர் விழுந்தது. இடுப்பு உயரம் வரை விழுந்தது.

அதற்குக் கீழே இறங்கவில்லை.

சொம்பு காலியாகும் வரை அவன் கண்ணை மூடவில்லை. மூட முடியவில்லை. கடைசிச் சொட்டும் போனது. தரையில் ஒரு புள்ளிகூட நனையவில்லை. இன்ஜினிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே முறையில் உறுமியது. கற்கள் இல்லை. வாசனை இல்லை. முள் சிவப்பிலிருந்து சட்டென்று அடிக்கு விழுந்தது. சந்தோஷப்படாதே என்று அரியமுத்து சொன்னது காதில் கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. தண்ணீரே இல்லாமல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, பனியில் நின்ற வண்டி மாதிரி சில்லென்று. கட்டை செருகிய பானட் இடுக்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்து கண்ணாடியில் படிந்தது. அவன் நிறுத்தவில்லை. பேரளியில் கைபம்பு தெரிந்தது, நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ.

"அம்மா," என்றாள் மலர்கொடி பாதி மயக்கத்தில், "அந்தப் புள்ள காலு என் மேல படுது. சுடுது. கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு."

பெரியம்மாள் சீட்டில் ஒருவருக்கு இடம் விடுவதைப் போல மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். பிச்சைமுத்து கண்ணாடியில் பார்த்தான். இரண்டு பேர்தான் தெரிந்தார்கள்.

பெரம்பலூரில் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு வந்து வாங்கிக்கொண்டார்கள். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு மணி. மூன்று மணி. நாலுக்குச் சற்று முன்னால் பெரியம்மாள் ஓடி வந்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

"பொம்பளப் புள்ள தம்பி! கத்துறா பாரு, பஸ் ஸ்டாண்டு மாதிரியே! ரெண்டும் நல்லாருக்கு. இன்னும் கால் மணி போயிருந்தா ஒண்ணும் தங்கியிருக்காதுன்னாங்க டாக்டரம்மா. நீ நல்லாருக்கணும்ப்பா."

அவன் கைகூப்பினான். அழுதான். அவள் உள்ளே போன பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு முடிவோடு இறங்கினான். ஒரு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்று, இந்த நிமிஷம், அந்தக் குடத்தை நிரப்பிக்கொண்டு போய் அந்தக் குடிசை வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். வேறு எதற்கும் முன்னால்.

டிக்கியிலிருந்து குடத்தை எடுத்தான். ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு குழாய். சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விடுவார்கள். பெண்கள் பிடித்து முடித்துப் போயிருந்தார்கள். குடத்தை நேராக வைத்துத் திருகினான். மெலிசாக விழுந்தது. நிறைந்தது. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

காரின் பின் சீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

மடியில் குழந்தை. அவள் கோபமாகப் பார்க்கவில்லை. ஒருவரை வரச் சொல்லிவிட்டு அவர் வருவார் என்று நம்பிக் காத்திருப்பவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். போன வருடம் ரோட்டோரத்தில் நின்று பார்த்த அதே பார்வை.

குழாயிலிருந்து காருக்குப் பத்து அடி இருக்கும். நடந்தான். நாலாவது அடியில் தோள் லேசானது. ஜன்னலில் குடத்தை நீட்டியபோது அதில் ஒன்றும் இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தான். வந்த வழி காய்ந்து கிடந்தது.

மறுபடி போனான். பிடித்தான். இந்தத் தடவை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் வாயை அழுந்த மூடிக்கொண்டு நடந்தான். மடக். சத்தம் பக்கத்திலிருந்து வந்தது. மடக். அவன் தொண்டை ஏறி இறங்கியது. உதடுகள் மூடியிருந்தன. தொண்டை குடித்துக்கொண்டிருந்தது. தாகம் மட்டும் குறையவில்லை.

காலிக் குடத்தை ஜன்னலில் காட்டினான். "இதோ" என்றான். "அஞ்சே நிமிசம்மா."

அவள் தலையசைத்தாள்.

மூன்றாம் முறை. நாலாம் முறை. மூச்சுவிட்டால் வாயிலிருந்து சூடு வந்தது. குடத்தைக் குழாயடியில் வைத்தான். திருகினான்.

குழாய் ஒரு தரம் செருமியது. காற்று வந்தது. ஒரு சொட்டு. பிறகு அதுவும் இல்லை. இனி நாளைச் சாயங்காலம்தான் தண்ணீர்.

அவனுக்குப் பின்னால் காரின் கதவு திறந்தது.

அவன் திரும்பவில்லை. மணலில் சின்னக் கால்கள் நடந்து வருகிற சத்தம் கேட்டது. வெறும் கால்கள். அவசரமில்லாமல். பக்கத்தில் வந்து நின்றன.

ஒரு பிஞ்சுக் கை மேலே வந்து, தேடி, அவன் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் கண்ட குழந்தையின் கை அப்படிச் சுடாது.

தோல் பொசுங்குகிற வாசனை மெல்ல எழுந்தது. கை விடவில்லை.